கடல் நீருக்கு கண்டக்டிவிட்டி மீட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஜொகூர் நீரிணையில் ஒரு கெலோங்கில், அதாவது கடல் மீன் பண்ணையில், வேலை பார்க்கிறேன். கலவா மீன் வளர்க்கிறோம். டிசம்பர் மழையில் தண்ணீரில் உப்பு இறங்கும். தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று கண்டக்டிவிட்டி மீட்டர் அளக்கும், அதை வைத்து உப்பைக் கணக்கிடலாம். அதற்குத்தான் 480 வெள்ளி கொடுத்து இந்தக் கையடக்க மீட்டரை வாங்கினேன். விற்றவர் நம்மவர். "அண்ணே, கடல் தண்ணிக்கு எல்லாரும் இதைத்தான் எடுக்குறாங்க" என்றார். மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் 1413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்தல் அளவு) திரவத்தில் புரோபை, அதாவது தண்ணீரில் விடும் முனையை, முக்கிக் காட்டினார். திரையில் அப்படியே 1413. நானும் நம்பிவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அந்தத் திரவம் நன்னீர் அளவுக்கானது. எங்கள் கடல் நீர் 25 டிகிரிக்குக் கணக்கிட்டால் 46 மில்லிசீமென்ஸ், அதாவது 46,000 மைக்ரோசீமென்ஸ் வரும், அதைவிட முப்பது மடங்குக்கு மேல். இதில் சரியாகக் காட்டியது அதிலும் சரியாகக் காட்டும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கெலோங்கில் இந்த மீட்டர் 38 மில்லிசீமென்ஸ் காட்டியது. கணக்குப் போட்டால் உப்பு ஆயிரத்துக்கு 24. மழைதான் காரணம் என்று பயந்து இரண்டு நாள் தீனியைக் குறைத்தோம். மூன்றாம் நாள் பழைய ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் ஆயிரத்துக்கு 30! அப்புறம்தான் புரோபைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இரண்டே மின்முனைகள். ஓரத்தில் பொடி எழுத்தில் கே=1. கே என்பது மின்முனைகளின் பரப்பையும் இடைவெளியையும் பொறுத்த எண்.

உப்பு அதிகமான நீரில் இரண்டு முனைப் புரோபின் மேல் அயனிகள் அடைத்துக்கொண்டு நிற்கும், அளவு குறைத்துக் காட்டும். கடல் நீருக்கு கே=10 புரோப் வேண்டும். நான்கு முனை வகை இன்னும் நல்லது. மின்முனையே தண்ணீரில் படாத தூண்டல் வகையும் உண்டு, அதில் இந்தச் சிக்கலே இல்லை. பெட்டியில் '100 மில்லிசீமென்ஸ் வரை' என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். அது மீட்டருக்காம், புரோபுக்கு இல்லையாம். கே=10 புரோப் வேண்டுமென்றால் இன்னும் 260 வெள்ளி என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

எனக்கு இதைவிட ஆத்திரம் வந்தது சான்றிதழைப் பார்த்தபோது. அளவுதிருத்தம் செய்ததாகக் கொடுத்த தாளில் இருந்த வரிசை எண் என் மீட்டரின் எண்ணே அல்ல. வேறு யாருடைய கருவிக்கோ கொடுத்த தாளை நகலெடுத்து என் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு பாட்டிலில் உங்கள் கடல் நீரையே கொண்டுபோங்கள். கூடவே ரிஃப்ராக்டோமீட்டரையும் எடுத்துப் போய், கடையிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாளில் உள்ள எண்ணையும் கருவியில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சிங்கப்பூர் லிம் சூ காங் பக்கம் பண்ணை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இதே மாடலுக்கு முன்பணம் கட்டப் போவதாக நேற்று சொன்னார். அவசரப்படாதீர்கள் தம்பி, இதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.