சூடானால் திக்கும் பழைய புல்லட்: பிளாட்டினம் பாயின்ட்டா, எலக்ட்ரானிக் கிட்டா?

என்னிடம் இருப்பது 1996 மாடல் 350 புல்லட். பழைய வார்ப்பிரும்பு என்ஜின், 12 வோல்ட், பிளாட்டினம் பாயின்ட், அதாவது மூடித் திறந்து பிளக்கில் நெருப்பு விழ வைக்கும் இரண்டு சின்ன முனைகள். வீடு பாளையங்கோட்டையில், வயல் அம்பாசமுத்திரம் பக்கம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது போய்வர வேண்டும். போன சித்திரையில் வண்டிக்கு ஒரு கோட்டி பிடித்தது. மேலப்பாளையம், தருவை எல்லாம் ஒழுங்காகத் தாண்டும். இருபது கிலோமீட்டர் ஓடி, என்ஜின் நன்றாகச் சூடேறி, பத்தமடை வரும் நேரத்தில் திக்கத் தொடங்கும். இரண்டு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு, நடுவில் சைலன்சரில் ஒரு வெடி. மர நிழலில் கால் மணி நேரம் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல ஒரே கிக்கில் கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே திக்கவே திக்காது.

இந்த நோய்க்கு ஊரில் இரண்டு கட்சி உண்டு. பாயின்ட்டையும் கண்டென்சரையும் புதிதாகப் போட்டு, இடைவெளியைச் சரியாக வைத்து, பழைய ஏற்பாட்டிலேயே ஓட்டு என்பது ஒன்று. அந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடு என்பது மற்றொன்று. நான் முதல் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்ப உப்பு போட்டுக்கொள்ளலாம்.

எந்தக் கட்சியானாலும், கோளாறு பெட்ரோலிலா நெருப்பிலா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒரு பட்டறையில் கார்ப்புரேட்டரை இரண்டு தடவை கழுவிக் காசைக் கரைத்தேன். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து சாகும். சோக்கை இழுத்தால் சற்றுத் தெளியும். டாங்க் மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நெருப்பில் கோளாறு என்றால் யாரோ சுவிட்சைப் போட்டு அணைப்பது போல வெடுக்கென்று நிற்கும், வெடுக்கென்று வரும். என் வண்டியில் இரண்டாவது ரகம்.

புல்லட்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஹெட்லைட் தலையில் இருக்கும், கரண்ட் போக்குவரத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர். சாவியைத் திருகி, கிக்கரை மெதுவாக மிதித்தால் பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சாயும், பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். வண்டி திக்கும் நேரத்தில் முள் மொத்தமாகச் செத்துக் கிடந்தால் சாவி சுவிட்சையோ பாட்டரி வயரையோ சந்தேகப்பட வேண்டும். என் முள் ஒழுங்காக ஆடியது. ஆகவே கரண்ட் வருகிறது, வந்த கரண்ட் பிளக் வரை போகவில்லை.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். ‘அண்ணாச்சி, கார்ப்புரேட்டர் ரெண்டு தடவ கழுவியாச்சு’ என்றேன். ‘கார்ப்புரேட்டரக் கழுவுனா கண்டென்சர் சரியாயிருமாவே?’ என்றார். நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு வரச் சொன்னார். கடை விளக்கை அணைத்துவிட்டு பாயின்ட் மூடியைக் கழற்றினார். என்ஜின் ஓடும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே மஞ்சள் கலந்த நீலத்தில் பொறி பொறியாகத் தெறித்தது. ‘பிளக்குல அடிக்க வேண்டிய நெருப்ப சவம் இங்கயே தின்னுருது, பாத்துக்கிடுங்க.’ முனையைத் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குருணை போல மேடு.

கண்டென்சரின் வேலை எளிது. பாயின்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அந்த இடைவெளியில் தாவாமல் தடுத்து, பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலில் கரண்டைச் சட்டென்று அறுக்க வைப்பது. அப்படி அறுந்தால்தான் பிளக்குக்குப் போதுமான வோல்ட் எழும். என் வண்டியில் அது பாயின்ட் பெட்டிக்குள்ளேயே என்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே காப்பு கெட்டுப்போன கண்டென்சர் ஆறியிருக்கும்போது வேலை செய்யும், சூடேறினால் கைவிடும். பத்தமடைக் கணக்கு அதுதான். சில மாதங்களுக்கு முன்தான் ஒரு கடையில் புதுக் கண்டென்சர் என்று வாங்கிப் போட்டிருந்தேன். அதனால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதிது என்பதாலேயே நல்லது என்று நினைத்தது என் தப்பு.

சரி, இப்போது கிட் பக்கம். அதில் முனை தேய்வது, கருகுவது என்ற பேச்சே கிடையாது. ஒரு காந்தமும் ஒரு சென்சாரும் பாயின்ட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, கண்டென்சருக்கு வேலையே இல்லை. நெருப்பு விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, ஒரு தடவை வைத்தால் அசையாது. காலையில் ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும், ஐடிலிங் சீராக இருக்கும். இதெல்லாம் உண்மை. என்னிடம் சொன்ன விலை 4,000 ரூபாய்க்கு மேல். பாயின்ட்டும் கண்டென்சரும் சேர்த்து எனக்கு 500 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் விலையை வைத்து நான் முடிவு செய்யவில்லை. புல்லட் வைத்திருப்பவன் கணக்குப் பார்த்தா வைத்திருக்கிறான்?

நான் பார்த்தது, நின்ற இடத்தில் யார் சரிசெய்வார்கள் என்பதை. பாயின்ட் கெட்டால் திக்கும், வெடிக்கும், அழும், ஆனாலும் வீடு வரை இழுத்து வந்துவிடும். வீரவநல்லூரிலோ கல்லிடைக்குறிச்சியிலோ பழைய ஸ்கூட்டர், பம்ப்செட் பார்த்த கை ஒன்று கிடைத்தால், உப்புத்தாளை மடித்து முனையைத் தேய்த்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். யாரும் இல்லையென்றால் நானே செய்துகொள்வேன். ஒரு ஸ்குரூ டிரைவர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி, வேறொன்றும் வேண்டாம். கிட்டின் மாட்யூல், அதாவது எலக்ட்ரானிக் பெட்டி, போனால் வண்டி அப்படியே செத்துப்போகும். பெரும்பாலானவை பசை ஊற்றி மூடிய பெட்டிகள், திறந்து பார்க்க வழியில்லை. மாற்றுப் பெட்டி உள்ளூர்க் கடையில் இருக்காது, பார்சலில் வர வேண்டும். அதுவரை வண்டி யார் வீட்டுத் தொழுவத்தில் நிற்பது? மணிமுத்தாற்றைத் தாண்டி மாஞ்சோலைப் பாதையில் ஏறும்போது நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டரி இறங்கியிருந்தாலும் பாயின்ட் மெலிந்த நெருப்பையாவது கொடுக்கும். சில மாட்யூல்கள் வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுத்தமாகக் கைவிரித்துவிடும். என் பாட்டரியின் யோக்கியதை எனக்குத் தெரியும்.

கிட் போட்டதும் திக்கல் போய்விட்டது என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன், ஆனால் காரணத்தை நம்பவில்லை. கிட் மாட்டும் அன்றே பிளக், பிளக் கேப், வயர் எல்லாம் மாறிவிடுகிறது, சில நேரம் காயிலும் மாறுகிறது. எது குணமாக்கியது என்று யாருக்குத் தெரியும்? கோளாறு காயிலிலேயோ சாவி சுவிட்சிலேயோ இருந்து, கிட்டை மட்டும் மாற்றினால் பத்தமடையில் மறுபடியும் நிற்க வேண்டியதுதான். பாயின்ட்டுக்கு அடியில், வேகம் கூடக் கூட நெருப்பை முன்னதாக விழ வைக்கும் அட்வான்ஸ் எடைகளையும் ஸ்பிரிங்கையும் அப்படியே வைத்துக்கொள்ளும் கிட்களும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்த வியாதி கிட்டோடு சேர்ந்தே தொடரும்.

பாயின்ட்டுக்கும் வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. பாயின்ட்டைத் திறந்து மூடும் சுழல் பகுதியான கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்னுக்குப் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன், கேமில் மிளகு அளவு கிரீஸ் வைக்கிறேன். கூடினால் அது சூட்டில் உருகி முனையில் தெறித்துப் புதுத் தொல்லை கொடுக்கும். புதுக் கண்டென்சரை இந்தத் தடவை பாயின்ட் பெட்டிக்குள் வைக்காமல், ஒரு வயர் இழுத்துக் காயில் பக்கத்தில் கட்டிவிட்டார் அண்ணாச்சி. என் கணக்கில் அந்த ஒரு மாற்றம்தான் பாதி வைத்தியம்.

தென்காசியில் என் மச்சான் கிட் போட்டு இரண்டு வருடமாக ஓட்டுகிறான், ஒரு குறையும் சொன்னதில்லை. நான் அதை ஓட்டியது ஒரே ஒரு நாள், அதுவும் ஆடிச் சாரலில், சூடேறவே வழியில்லாத குளிர்ச்சியில். அதனால் வெயிலில் அது எப்படி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தினமும் வேலைக்கு ஓட்டுபவர், மூடியைக் கழற்றப் பொறுமை இல்லாதவர், ஊர் எல்லையைத் தாண்டாதவர் என்றால் கிட் வாங்குவதில் தப்பில்லை. கழற்றிய பாயின்ட் தட்டை மட்டும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மச்சானும் வைத்திருக்கிறான், அதுவும் வண்டியின் டூல் பாக்ஸிலேயே.

எட்டு மாதமாக என் வண்டி திக்கவில்லை. ஒரே ஒரு தடவை, கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றது. ஓரமாக நிறுத்தி, பாயின்ட் மூடியைக் கழற்றி, முனையைத் தேய்த்து, கேஜ் விட்டு அளந்து, எல்லாம் கனகச்சிதமாக முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன் டாங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘அண்ணாச்சி, ரிசர்வ்ல போட்டுப் பாத்தியளா?’ என்று கேட்டான்.