ஸ்டூடண்ட் மைக்ரோஸ்கோப் ஸ்லைடு செட் – வாங்கலாமா?
பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் ஸ்லைடு செட் வாங்கினேன், காசுக்கு பரவால்ல. ரத்த ஸ்லைடுதான் டாப், 400 மடங்குல வச்சா சிவப்பணு ஒவ்வொண்ணும் நடுவுல வெளிறித் தெரியுது, உள்ள நியூக்ளியஸே கிடையாது, அந்த இடமும் ஆக்சிஜனை சுமக்கற ஹீமோகுளோபினுக்குத்தான், ரெண்டு பக்கமும் குழிஞ்சிருக்கறதால ஆக்சிஜன் சட்டுனு உள்ள போயிடுது. இலைத்துளை ஸ்லைடும் நல்லாருக்கு, துளையோட ரெண்டு பக்கமும் இருக்கற காப்புசெல்லோட, துளையைப் பார்த்த உள்பக்க சுவர் மட்டும் தடிமனா இருக்கும் பாருங்க, அதனாலதான் தண்ணி ஏறினா செல் வளைஞ்சு துளை திறக்குது. வேர்த்தூவி (வேர்மேல இருக்கற மெல்லிசு முடி மாதிரி) ஸ்லைடு சுத்த வேஸ்ட், தூவியெல்லாம் ஒடிஞ்சு சாயம் திட்டுத்திட்டா கெடக்கு. அதுக்கு பதிலா ஈரத்துணில வெந்தயம் முளைகட்டினா தூவி வெறும் கண்ணுக்கே தெரியும், வெள்ளையா இருக்கேன்னு பூஞ்சைன்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க.