புது டிராக்டரில் எந்த வசதி உழைக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது?

டிராக்டர் வாங்கப்போகிறவர்கள் இப்போதெல்லாம் திரை இருக்கிறதா, ஜிபிஎஸ் உண்டா, வண்டி எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் தெரியுமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். பழைய வண்டியையும் புது வண்டியையும் பல பருவங்களாக மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அந்த வசதி பாதி உழவில் செத்துப்போனால் மீதி நிலத்தை உழ முடியுமா?

இந்தக் கேள்வியில் முதல் ஆளாகத் தேறுவது ஷட்டில் கியர். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல், தள்ளினால் முன்னே, இழுத்தால் பின்னே. லோடர் மாட்டி மண் அள்ளும் நாளில்தான் இதன் அருமை தெரியும். பவர் ஷட்டிலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதிக்க வேண்டாம். நாள் முழுக்க ஓட்டினாலும் இடது முழங்கால் இதமாகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி என்றால் முதலில் இதைச் சொல்வேன்.

அடுத்தது எகானமி பிடிஓ. இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற, சாதாரணமாக இன்ஜினை 1,800, 2,000 என்று முறுக்க வேண்டும். எகானமியில் 1,500, 1,600 அளவிலேயே அது கிடைத்துவிடும். மருந்தடிக்க, ஜெனரேட்டர் ஓட்ட அருமை. டீசலும் மிச்சம், இரைச்சலும் குறைவு. ஆனால் கெட்டித் தரையில் ரோட்டவேட்டரை எகானமியில் போட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். இதை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

கலப்பையின் ஆழத்தைத் தானே சமாளிக்கும் ஹைட்ராலிக்கை ஏதோ இந்தக் காலத்து அதிசயம் மாதிரி விளம்பரத்தில் காட்டுகிறார்கள். ஹாரி ஃபெர்குசனின் அந்த ஏற்பாடு 1939-லேயே ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்துவிட்டது. மண் இறுகினால், கலப்பையை வண்டியோடு பிடித்திருக்கும் மேல் இணைப்பு ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும், கலப்பை கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். புது வண்டியில் ஸ்பிரிங் வேலையை சென்சார் பார்க்கிறது. மண் மாறி மாறி வரும் நிலத்தில் ஆழம் இன்னும் சீராக நிற்பது உண்மைதான். ஆனால் துருப்பிடித்த ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டால் போதும். சென்சார் வயரை எலி கடித்தால், எந்த வயர் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். (எலிக்கு வயர் மேல் அப்படி என்ன ஆசையோ!)

ஆட்டோ ஸ்டீயரிங்கில்தான் எனக்கு இரண்டு மனம். ஆர்டிகே திருத்தம் (ஜிபிஎஸ் பிழையைத் தரையில் உள்ள நிலையத்தின் சிக்னலை வைத்துச் சரிசெய்வது) கிடைத்தால் வண்டி தானே 2, 3 சென்டிமீட்டர் துல்லியத்தில் நேர்க்கோடு போடுகிறது. நீளமான வயலில் ஒரு சால் இன்னொன்றின் மேல் ஏறாது. விதையும் மருந்தும் வீணாகாது. இருட்டினாலும் கோடு பிசகாது. கழுத்து வலி குறைந்ததே பெரிய லாபம். அதே கருவியைச் சின்னச் சின்ன வயலுக்குள் கொண்டுபோனால், கோட்டைப் பிடித்து முடிப்பதற்குள் வரப்பு வந்துவிடுகிறது. அப்புறம் அந்தத் திரை வெறும் அலங்காரம்தான். பெரிய நிலக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2024 மே மாதம் வலுவான சூரியப் புயல் வந்தபோது, அமெரிக்காவில் விதைப்பு மும்முரத்தில் இருந்த பல விவசாயிகளின் ஜிபிஎஸ் வழிகாட்டும் கருவிகள் குழம்பிப்போயின. சிலர் வேலையையே நிறுத்திவைத்தார்கள்.

புகைக் கட்டுப்பாடு நாம் விரும்பிச் சேர்ப்பதல்ல, சட்டம் கேட்பது. அதனால் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை, நம் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். புகையைக் குறைக்க உதவும் காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும்) 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது. பழைய வண்டி பொறுத்துக்கொண்ட தண்ணீரையும் தூசியையும் இது பொறுக்காது, இன்ஜெக்டர் போய்விடும். புகைவடிகட்டி உள்ள வண்டியில் படிந்த கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். சும்மா ஐடிலில் உறும விட்டால் அந்தச் சூடு ஏறாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்கும் நேரத்தில் அவசரப்பட்டு வண்டியை அணைப்பதும் அப்படித்தான். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொண்டு முனகும்.

கைப்பேசிச் செயலி எனக்குப் பயன்படவில்லை. வண்டியை ஆள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அது கண்காணிப்பாளர் வேலை பார்க்கும். சீட்டில் நானே உட்கார்ந்திருக்கும்போது வண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல செயலி எதற்கு?

நிஜமாகக் கவலைப்பட வேண்டியது பூட்டிய மென்பொருளைப் பற்றித்தான். நம் கையில் ஸ்பேனர் இருக்கும், பழுது என்னவென்றும் தெரியும், புதுப் பாகத்தையும் மாட்டியிருப்போம். ஆனாலும் டீலரின் லேப்டாப் வந்து அனுமதி கொடுத்தால்தான் வண்டி கிளம்பும் என்றால் எப்படி? இதற்காகவே அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. கையேடு, பாகம், பழுது பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இப்படிச் சட்டம் இல்லை. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: பழுதுக் குறியீடு டாஷ்போர்டிலேயே தெரியுமா, சென்சார் மாற்றினால் வெளி மெக்கானிக் அதைப் பதிவுசெய்ய முடியுமா, திரை அணைந்துபோனால் ஹைட்ராலிக்கைக் கையால் ஏற்றி இறக்க வழி உண்டா? சோதனை ஓட்டத்துக்குக் கொண்டுவருகிறவரிடம், இருக்கிற எலக்ட்ரானிக் உதவிகளையெல்லாம் அணைத்துவிட்டு, கலப்பையை மாட்டி இரண்டு சால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.