கிராமப்புற சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்: ஆண்டுக்கணக்கில் ஓடியபின் தெரிவது

சிலிண்டர் வண்டி நினைத்த நேரத்துக்கு வராத ஊர்களில் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சென்ட்ரேட்டர் பெரிய துணைதான். ஆனால் அதன் ஆயுள் கம்பெனிப் பெயரில் இல்லை. வோல்டேஜிலும், அதைக் கவனிக்கும் ஆளிடமும் இருக்கிறது.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஜியோலைட் என்ற கனிமத் துகள் அடைத்த இரண்டு குழாய்கள் மாறி மாறி நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆக்சிஜன் வெளியே வரும். இந்த ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் மூலையில் மூடி வைத்த மெஷின், தினமும் ஓடியதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான். நோயாளி இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

ஜியோலைட் கெட்டுப்போனதை மெஷினின் முன்பக்கக் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் பந்து காட்டாது, அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பந்து 5இல் நிற்கும், வருவது பாதி வெறும் காற்றாக இருக்கும். ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும் மாடலையே வாங்குங்கள். அதோடு, ஆக்சிஜன் சதவீதம் காட்டும் கையடக்க அனலைசரால் மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஆன் செய்ததும் அளக்கக் கூடாது. சுத்தம் நிலைக்குவரச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

அடிக்கடி படுத்துவது, ஆக்சிஜனை ஈரப்படுத்த மெஷினில் மாட்டும் தண்ணீர் பாட்டில். மூடியின் மரை சரியாக ஏறவில்லை என்றால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். பந்து அப்போதும் ஆடாமல் நிற்கும். சோதிப்பது எளிது: மூக்குக் குழாயை மடக்கிப் பிடியுங்கள், பந்து இறங்க வேண்டும். இறங்கவில்லையா, வழியில் எங்கோ கசிவு. குழாய் நுனியைத் தண்ணீர் டம்ளரில் விட்டாலும் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். பச்சிளங்குழந்தைக்கு நிமிடத்துக்கு 0.5 முதல் 1 லிட்டர், சற்று வளர்ந்த குழந்தைக்கு 1 முதல் 2 லிட்டர் என்று மூக்குக் குழாயில் கொடுக்கும்போது பாட்டிலே தேவையில்லை. கழற்றி வைத்தால் கசிவும் இல்லை, பாசி படிந்த தண்ணீரால் வரும் கிருமியும் இல்லை.

வெளிப்புற ஸ்பான்ஜ் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். காயும்வரை போட இன்னொன்று கைவசம் இருக்கட்டும். இதற்கு நர்ஸ் தேவையில்லை, துப்புரவுப் பணியாளருக்கே கற்றுத்தரலாம். சொல்லப்போனால் அதுதான் நல்லது. பயிற்சி பெற்ற நர்ஸ் இடமாற்றலில் போனதும் பராமரிப்பு அப்படியே நின்றுபோவது எல்லா இடத்திலும் நடக்கும் கதை. உள்ளூர்க்காரர் அங்கேயே இருப்பார். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது. ஓரடி இடைவெளி இல்லாவிட்டால் சூடேறும்.

கரண்ட் விஷயம்: 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும், நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். லோ வோல்டேஜில் கம்ப்ரஸர் முனகும், சூடாகும், சுத்தமும் குறையும். ஆகவே ஸ்டெபிலைசர் கட்டாயம். கரண்ட் போய் உடனே வந்தால் சட்டென்று போடாமல் சில நிமிடம் பொறுங்கள். நிரப்பிய சிலிண்டர் ஒன்று பக்கத்திலேயே நிற்க வேண்டும். 1,500 லிட்டர் உள்ள சிலிண்டர், 2 லிட்டர் ஓட்டத்தில் 12 மணி நேரம் தாங்கும். ரெகுலேட்டரும் சாவியும் அதோடு சேர்த்தே கட்டியிருக்கட்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாமல் கான்சென்ட்ரேட்டர் வாங்குவது வீண். யாருக்குத் தேவை, எப்போது நிறுத்தலாம் என்று வேறு எப்படித் தெரியும்?

10 லிட்டர் மெஷின் ஒன்றா, 5 லிட்டர் இரண்டா என்று கேட்டால், சிறிய இடத்துக்கு இரண்டுதான் சரி. மெக்கானிக் வந்து சேரும் வரை ஒன்றாவது ஓடும். ஒரே மாடலாக வாங்கினால் ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்கும் உதவும்.