வெதுவெதுப்பான நீரில் பிசியோதெரபி: மாதக்கணக்கில் செய்தபின் தெரிவது

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையோ இடுப்பெலும்பு முறிவோ முடிந்து, தரையில் பத்தடி நடக்கவே தயங்குபவர்கூட, மார்பளவு நீரில் இறங்கிய முதல் நாளே கைப்பிடியை விட்டுவிட்டு நடந்துவிடுவார். அந்த மகிழ்ச்சி உண்மையானது, பயிற்சியைத் தொடர வைப்பதும் அதுதான். ஆனால் நீர்ப் பயிற்சியின் பலனை அதை வைத்து எடை போடக் கூடாது. சில மாதங்கள் தொடர்ந்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: குளத்தில் வந்த நடை தரைக்கும் வந்ததா?

நடையை எளிதாக்குவது சூடு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு ஆழத்துக்குத்தான். இடுப்பளவு நீரில் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 70 கிலோ எடையுள்ளவர் கழுத்தளவு நீரில் 7 கிலோ அளவுக்கே கால்மேல் சுமக்கிறார். எனவே பயிற்சிக் குறிப்பில் ‘இருபது நிமிட நடை’ என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த ஆழத்தில் என்பதையும் எழுத வேண்டும். வலி குறையக் குறைய ஆழத்தையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்: முதலில் மார்பளவு, பிறகு இடுப்பளவு, கடைசியில் தொடையளவு. பல மாதம் ஆகியும் மார்பளவிலேயே நிற்பவருக்குத் தரையில் மாற்றம் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆழம் தரும் இன்னொரு நன்மை அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் தோலின்மேல் 70 மி.மீ. பாதரச அளவுக்குச் சற்று கூடுதலாக அழுத்துகிறது. கால் வீக்கத்துக்கு அணியும் இறுக்கக் காலுறைகள் பலவற்றைவிட இது அதிகம். நிமிர்ந்து நின்றால்தான் பாதத்தில் இந்த முழு அழுத்தமும் கிடைக்கும், மிதந்துகொண்டிருந்தால் கிடைக்காது. கணுக்கால் வீக்கம் உள்ளவர்கள் படுத்து மிதப்பதைவிட நின்று நடப்பதே நல்லது. இதே அழுத்தம் கால்களில் உள்ள இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது. குளத்தில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவது அதனால்தான். இதயம் பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கழுத்தளவுக்கு இறங்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

சூட்டின் வேலை வேறு. 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் உடல் நடுங்காது, வியர்த்துக் கொட்டாது. தசை தளரும், மெதுவான நீட்சிப் பயிற்சிக்கு மூட்டு இடம் கொடுக்கும். வேகமாக நடக்கவும் ஓடவும் தொடங்கியவருக்கு இது அதிகம், 28–30 டிகிரி போதும். 36-ஐத் தாண்டினால் உழைக்கும் உடலிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லாமல் தலைசுற்றலும் அசதியும் வரும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவர்களுக்கு வெதுவெதுப்பு ஆகாது. சூடு ஏறினால் பலவீனமும் பார்வை மங்கலும் தற்காலிகமாகக் கூடும், குளிர்ச்சியான குளமே அவர்களுக்குச் சரி. நீரின் சூட்டைக் கையால் தொட்டு முடிவு செய்யாமல் தெர்மாமீட்டரில் பாருங்கள்.

ஒரு வேளைப் பயிற்சி எப்படி இருக்கலாம்? இறங்கும்போது பாதித்த காலை முதலில் வைக்க வேண்டும், ஏறும்போது நல்ல காலை. முதல் ஐந்து நிமிடம் முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில் நடை. பின்னோக்கி நடக்கும்போது சுவரோரமாக இருங்கள். பிறகு கம்பியைப் பிடித்தபடி காலை முன்பின் வீசுதல், பக்கவாட்டில் தூக்குதல், முழங்காலைச் சிறிதளவு மடக்கி எழும் அரை உட்கார்வு, ஒருகால் நிற்றல், ஒவ்வொன்றும் 8–10 முறை. கடைசியில் மெதுநடை. முதல் வாரங்களில் மொத்தம் 15–20 நிமிடம், பழகியபின் 30–40. வெளியேறும்போது படியில் சற்று நின்று வர வேண்டும். நீரின் அழுத்தம் விலகியதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அந்த நேரத்தில் விழ வாய்ப்பு உண்டு. உள்ளே இருக்கும்போது வியர்வை தெரியாது, ஆகவே தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

பளுவைக் கூட்ட வேகத்தைக் கூட்டினாலே போதும். வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். உபகரணங்களில் உண்மையில் தேவைப்படுவது வழுக்காத நீர்க் காலணியும், ஆழ்நீரில் முதுகுப் பயிற்சி செய்வோருக்கு மிதவை பெல்ட்டும். நுரை டம்பெல்களில் கவனம் தேவை. அவை மேல்நோக்கி இழுப்பவை. தோள் அறுவை சிகிச்சை முடிந்தவர் பெரிய அளவை எடுத்தால் கை நினைத்ததற்கு மேல் தூக்கப்பட்டுத் தையலிட்ட தசைநார் இழுபடும். தோளுக்கு முதலில் வெறுங்கை, அதுவும் தோள் முழுக்க நீருக்குள் இருக்கும்படி சற்றுக் குனிந்து.

அடிக்கடி நடக்கும் தவறு அளவு மீறுவது. நீரில் வலி அடங்கியிருப்பதால் எவ்வளவு செய்தோம் என்பதே உறைக்காது. மாலையில் முழங்கால் வீங்கிய பிறகுதான் புரியும். ஒரு எளிய அளவுகோல் உண்டு: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, தொடங்கும் முன் இருந்ததைவிட வலி கூடியிருந்தால், அடுத்த முறை நேரத்தையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். நாடித்துடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், நீருக்குள் அது தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

நீரால் கொடுக்க முடியாதவையும் உண்டு. மாடிப்படி இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. குளத்தில் எடையை நீரே ஏந்திக்கொள்வதால் இந்த வகை உழைப்பு மிகக் குறைவு. எலும்பு உறுதிப்படத் தேவையான சுமையும் அங்கே குறைவு. ஆகவே மருத்துவர் முழு எடை ஊன்ற அனுமதித்ததும் தரைப் பயிற்சியையும் கூடவே தொடங்க வேண்டும். வாரத்தில் மூன்று முறை குளம் என்றால், இரண்டு மாற்று நாட்களில் நாற்காலியிலிருந்து எழுதல், தாழ்வான படியில் ஏறி இறங்குதல்.

குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூக்கை நம்பலாம். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் நீர் சுத்தம் என்று பொருளல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உருவான குளோரமின் வாடை அது, கண்ணும் எரியும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2–7.8-க்குள் இருக்கிறதா, நீரைத் தினமும் சோதித்துப் பதிவு செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும், கிருமி சீக்கிரம் பெருகும்.

காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று, வயிற்றுப்போக்கு, கட்டுப்படாத வலிப்பு, நிலையற்ற நெஞ்சுவலி, கால் இரத்தக் குழாயில் புதிதாக இரத்த உறைவு ஆகியவை இருந்தால் இறங்கவே வேண்டாம். தையல் பிரித்துவிட்டால் மட்டும் போதாது, பொருக்கு உதிர்ந்து தோல் முழுவதும் மூடியிருக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஊறிய தோலில் ஏற்படும் சிராய்ப்பு அவர்களுக்கு வலிக்காது.

எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் குளம் சில மாதத் துணை. தடுமாறாமல் மாடிப்படி இறங்க முடிந்ததும் வருகையைக் குறைத்துவிடலாம். மூட்டுத் தேய்மானத்தில் வலிக்குறைவு மிதமானது, நிறுத்தினால் மெல்லக் கரையும். தேய்மானம் உள்ளவர்கள் வாரம் ஒன்றிரண்டு முறையாவது தொடர்வது நல்லது.