காரைக்குடி இரத்தப் பரிசோதனைக் கூடம்: வேகம் உண்டு, கவனம் குறைவு

காய்ச்சல் விடாத எங்கள் ஆயாவைக் கானாடுகாத்தானிலிருந்து அழைத்துச் சென்று, காரைக்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முழு இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தோம். இரத்தம் எடுத்த பெண் கைராசிக்காரர். சுருங்கிய குழாயிலும் ஒரே குத்தில் முடித்துவிட்டார். மதியத்திற்குள் அறிக்கையும் கைக்கு வந்தது.

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் வகை 84 விழுக்காடு. பெரியவர்களுக்கு இது ஏறத்தாழ 40 முதல் 70 வரை இருப்பதே வழக்கம். ஈசினோஃபில், பேசோஃபில் என்னும் மற்ற இரு வகைகளும் இயல்பான அளவே. என் மனக்குறை என்னவென்றால், 1879-இல் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் சாயமேற்றி இனம் பிரிக்கத் தொடங்கிய இந்தத் துகளணுக்களை (உள்ளே துகள்கள் கொண்ட இம்மூன்று வகை வெள்ளையணுக்களை), எண்ணிக்கை இவ்வளவு ஏறியிருந்தும் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் ஒருவரும் பார்க்காமல், கருவி தந்த எண்ணையே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான்.

இரத்தத்தில் தெரிவது பாதிக் கதைகூட இல்லை. எலும்பு மச்சையில் பிறக்கும் நியூட்ரோஃபில்கள் சில மணி நேரமே இரத்தத்தில் சுற்றிவிட்டு நுரையீரல், மண்ணீரல் போன்ற திசுக்களுக்குள் போய்விடுகின்றன. காசநோய்க் கிருமி செலுத்தப்பட்ட மக்காக் குரங்குகளின் நுரையீரல் கட்டிகளில் அவை குவிந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே மருத்துவர் மார்புப் படமும் கேட்டபோது நான் முணுமுணுக்கவில்லை. அதை மட்டும் வேறு கூடத்தில் எடுத்துக்கொண்டோம்.