தலையில் அடிபட்ட பின் டிரெட்மில்: ஒரு பிசியோதெரபி மையத்தில் ஆறு வாரம்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அன்று எடுத்த சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் மூன்று வாரம் கழிந்த பின்னும், பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் பாதியில் நின்ற எண் மறந்துபோய், நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கிவிடும். நரம்பியல் மருத்துவரின் சீட்டோடு கோவையில் ஒரு பிசியோதெரபி மையத்தில் சேர்ந்தேன்.

அங்கே முதல் நாள் செய்த சோதனைக்காகவே அந்த மையத்தைப் பாராட்ட வேண்டும். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியும் பேரி வில்லரும் வகுத்த முறை அது. டிரெட்மில்லின் வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு ஒரு சதவீதம் ஏற்றத்தைக் கூட்டிக்கொண்டே, தொந்தரவு பத்துக்கு எவ்வளவு என்று சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நிமிடத்தில், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தொட்டபோது, இரண்டாக இருந்த என் தலைவலி ஐந்துக்கு ஏறியது, உடனே நிறுத்திவிட்டார். அந்த 130இல் 80 முதல் 90 சதவீதம் வரை, அதாவது 104க்கும் 117க்கும் இடையில், தினமும் 20 நிமிடம் நடக்க வேண்டும் என்பதுதான் மருந்து. இருட்டறையில் படுத்திருக்கச் சொன்ன உறவினர்களுக்கு இது விளங்கவேயில்லை.

இவ்வளவு கவனமாகக் கண்டுபிடித்த எண்ணை அந்த மையமே காப்பாற்றவில்லை என்பதுதான் என் குறை. இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையில் 118 என்று தெரியும்போது டிரெட்மில்லின் கைப்பிடி 98 காட்டும். சனிக்கிழமைகளில் வரும் மாற்றுப் பயிற்சியாளர் கைப்பிடியை நம்பி ஏற்றத்தைக் கூட்டியதால், ஒருமுறை இரவு முழுவதும் தலைவலியோடு கிடந்தேன். வெளிச்சமும் சத்தமும் ஆகாதவர்கள் வந்து போகும் கூடத்தில் மினுக்கும் டியூப்லைட்டும் செய்திச் சேனலும் எதற்கு? நான்காம் வாரம் நானே கேட்ட பிறகுதான் சோதனையை மறுபடி செய்தார்கள், அதற்கும் தனிக் கட்டணம். எல்லை 146க்கு உயர்ந்திருந்தது.

வரவேற்பறைப் பலகையில் ‘நினைவாற்றல் மீட்பு உறுதி’ என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. லெடி குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 103 பதின்வயதினர் கலந்துகொண்டார்கள். நடை முதலிய பயிற்சி செய்தவர்கள் இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேர் குணமாக எடுத்த காலம்) 13 நாளிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் குணமானார்கள். அவர்கள் அடிபட்ட பத்து நாளுக்குள் சேர்க்கப்பட்ட விளையாட்டுப் பிள்ளைகள். நானோ நாற்பத்தாறு வயதுக் கணக்கர். ஐந்தாம் வாரம் ஒரு பக்கத்தை நிறுத்தாமல் கூட்டி முடித்தேன், ஆனால் அது நடையால் வந்ததா, நாள்பட ஆறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அங்கே செல்பவர்கள் சொந்த மார்புப் பட்டையை எடுத்துச் செல்லுங்கள். காலை ஏழு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அப்போது டிவி ஓடுவதில்லை.